நரகம் அவனுடையது என்றால் தீக்குச்சி நம் கையில் எதற்கு?

கேள்வி (ஒரு வாசகர்): குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113, "அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்" என்றே தொடங்குகின்றன. அதே நூலில் பக்கத்துக்குப் பக்கம் நெருப்பு. "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" என்று ஒரு வசனம். மார்க்கத்தை விட்டவனைக் கொல்லச் சொல்லி ஒரு ஹதீஸ் (நபிமொழி). இதில் எது இஸ்லாம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ரமலான் பிறை 2, தராவீஹ் தொழுகைக்குப் பிறகு

என் நம்பிக்கையை முதலில் வைத்துவிடுகிறேன். ஆதாரம் பிறகு. மறுமை உண்டு, கேள்விக்கணக்கு உண்டு, நரகமும் உண்டு என்று நம்புகிறவன் நான். அந்த நரகத்துக்கு ஆள் குறிக்கிற அதிகாரமோ, அங்கே போகுமுன் இங்கேயே ஒருவனைக் கொஞ்சம் வாட்டி வைக்கிற அதிகாரமோ எந்த மனிதனுக்கும் தரப்படவில்லை என்பதும் என் ஈமானில் சேர்ந்ததுதான். அருளும் தண்டனையும் நம்பும் உரிமையும் ஒன்றோடொன்று மோதுவது போலத் தெரிவதற்குக் காரணம், தண்டனையை நாம் எடுத்து வைத்துக்கொண்டதுதான்.

குர்ஆனின் 18:29ஐ (18ஆம் அத்தியாயம், 29ஆம் வசனம்) எடுங்கள். "உண்மை உங்கள் இறைவனிடமிருந்து வந்தது. விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்." அதே வசனம் நிற்காமல் நெருப்பைப் பற்றிப் பேசப் போய்விடுகிறது. மேடையில் முதல் பாதியை மட்டும் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள், பின்பாதியை மட்டும் ஓதுகிறவர்களும் இருக்கிறார்கள். சேர்த்து ஓதிப் பாருங்கள். முடிவு மனிதனுடையது, கணக்கு இறைவனிடம். நடுவில் கத்தியோடு யாரும் நிற்கவில்லை.

10:99இல் நபிக்கே கேள்வி விழுகிறது: "உம் இறைவன் நாடியிருந்தால் பூமியில் உள்ள எல்லோருமே நம்பியிருப்பார்கள். அப்படியிருக்க, மக்கள் நம்பும்வரை நீர் அவர்களைக் கட்டாயப்படுத்துவீரா?" 88:21, 22: "நீர் நினைவூட்டுகிறவர்தான். அவர்கள் மேல் அதிகாரம் செலுத்துகிறவர் அல்லர்." நபிக்கே இல்லாத அதிகாரம் எங்கள் ஊர் ஜமாஅத் செயலாளருக்கு எங்கிருந்து வந்தது?

பிறை 3, சஹர் உணவுக்கு முன்

"அதெல்லாம் மக்காவில் பலவீனமாக இருந்தபோது இறங்கியவை, மதீனாவில் வாள் வசனம் வந்து ரத்தாகிவிட்டது" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இதே வாதத்தை இஸ்லாத்தை வெறுப்பவர்களும் சொல்கிறார்கள், இஸ்லாத்தை நான்தான் காப்பாற்றுகிறேன் என்பவர்களும் சொல்கிறார்கள்.

"மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" (2:256) மதீனாவில் இறங்கியது. இறங்கிய சூழலை நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முன் மதீனாவில், பிள்ளை தங்காத பெண்கள் "இந்தப் பிள்ளை பிழைத்தால் யூதனாக வளர்க்கிறேன்" என்று நேர்ந்துகொள்வார்கள். அப்படி வளர்ந்தவர்கள் பனூ நளீர் குலத்தோடு இருந்தார்கள். 625இல் அந்தக் குலம் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது பிள்ளைகளும் கிளம்பினார்கள். முஸ்லிமாகிவிட்ட பெற்றோர், "எங்கள் பிள்ளைகளை விடமாட்டோம்" என்று நின்றார்கள். அப்போதுதான் இந்த வசனம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாய்மார்களை நினைத்துக்கொள்வேன். பெற்ற பிள்ளை, வேறு மதம், ஊரை விட்டே போகிறான், அதிகாரமோ அப்போது முஸ்லிம்கள் பக்கம். பிடித்து வைத்திருக்கலாம். வேண்டாம் என்று வசனம் வருகிறது. பலவீனமான காலத்தின் பேச்சு என்று இதை எப்படிச் சொல்வீர்கள்?

வாள் வசனம் என்கிற 9:5 உடன்படிக்கையை முறித்த கூட்டத்தாரோடு நடந்த போர் பற்றியது. அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் சொல்லைக் கேட்கட்டும், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். நம்பினால்தான் விட வேண்டும் என்று நிபந்தனை இல்லை.

பிறை 5

ஹதீஸுக்கு வருகிறேன். இதைத் தாண்டிக் குதிப்பது சரியில்லை.

"தன் மார்க்கத்தை மாற்றியவனைக் கொல்லுங்கள்." புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, அறிவிப்பவர் இப்னு அப்பாஸ். நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) பழைய நூல்களும் ஆணுக்கு மரண தண்டனை என்றுதான் எழுதின. இதை மறைத்துவிட்டு "இஸ்லாம் அமைதி மார்க்கம்" என்று மட்டும் பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது. கேட்கிறவன் முட்டாள் இல்லை, நாளைக்கே நூலைத் திறந்து பார்ப்பான்.

ஆனால் அந்த நூல்களுக்குள்ளேயே ஓர் இடம் இடிக்கிறது. ஹனஃபி மத்ஹபில், மார்க்கத்தை விட்ட பெண்ணைக் கொல்லக் கூடாது, சிறையில் வைப்பார்கள். ஏன்? போரில் பெண்களைக் கொல்ல நபி (ஸல்) தடுத்திருக்கிறார்கள், பெண் போரிடுகிறவள் அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்படியானால் ஆணுக்கு விதித்தது எதற்கு? நம்பாமல் போனதற்கா, வாளெடுத்து எதிர்ப்பக்கம் நிற்பான் என்பதற்கா? நம்பிக்கையின்மைதான் குற்றம் என்றால் பெண்ணின் நம்பிக்கையின்மை எந்த வகையில் குறைச்சல்?

11ஆம் நூற்றாண்டின் ஹனஃபி அறிஞர் ஸரக்ஸீ இதை ஒளிக்காமல் எழுதினார். மார்க்கத்தை மறுப்பது பெருங்குற்றம்தான், ஆனால் அது அடியானுக்கும் அவனுடைய இறைவனுக்கும் நடுவில் உள்ளது, அதற்கான கூலி மறுமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது, இவ்வுலகத் தண்டனைகள் மக்களின் நலன் காக்க வந்தவை என்பது அவர் வாதம். ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகிச் சிறையில் கிடந்தபடி, மாணவர்களுக்குச் சொல்லச் சொல்ல எழுதவைத்த நூல் அது. அவரும் கடைசியில் ஆணுக்குக் கொலைத் தண்டனை என்றே முடித்தார், போரிடுவான் என்ற காரணத்தை வைத்து. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் தீர்ப்பு எதன் மேல் நிற்கும்? மேலப்பாளையத்தில் பீடி இலை கணக்கெழுதுகிறவன் தொழுகையை விட்டால் எந்தப் படையில் சேர்ந்துவிட்டான்?

நபியின் காலத்து இரண்டு செய்திகள். ஒன்று புகாரியில்: ஒரு கிராமத்து அரபி வந்து இஸ்லாத்தை ஏற்று உறுதிமொழி கொடுத்தார். மதீனாவில் காய்ச்சல் கண்டது. "என் உறுதிமொழியை ரத்து செய்யுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நபி மறுத்தார்கள். அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆள் அனுப்பிப் பிடிக்கவில்லை. இன்னொன்று 628இல் நடந்த ஹுதைபியா உடன்படிக்கை: முஸ்லிம்களை விட்டுக் குறைஷிகளிடம் திரும்புகிறவரைக் குறைஷிகள் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று நபியே ஒப்புக்கொண்டார்கள். போகிறவன் போகலாம்.

பிறை 6

"அறிஞர்கள் ஒருமித்த முடிவை நீ யார் மாற்ற?" என்று கேட்ட தம்பிக்கு.

நான் யாருமில்லை. ஆனால் இப்ராஹீம் நகயீ, ஸுஃப்யான் ஸவ்ரீ என்ற ஆரம்பகால இமாம்கள், விட்டுப் போனவரைத் திரும்ப வரும்படி அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் காலவரையறை இல்லை என்றதாகப் பதிவு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அல் அஸ்ஹர் கல்வி நிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூத் ஷல்தூத், தனி ஒருவர் வழி வந்த ஹதீஸைக் கொண்டு இப்படி ஒரு தண்டனையை நிறுவ முடியாது, இறைமறுப்பு மட்டுமே உயிரைப் பறிக்கக் காரணமாகாது என்ற கருத்தை எடுத்து எழுதினார். அறிஞர் தாஹா ஜாபிர் அல்வானீ இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். துருக்கி சுல்தான் அப்துல் மஜீது 1844இல், இனி மதம் விட்டவரைக் கொல்லமாட்டோம் என்று உறுதி கொடுத்தார். ஐரோப்பியத் தூதர்களின் நெருக்கடியில் கொடுத்ததுதான், மறுக்கவில்லை. கொடுத்த பிறகு இஸ்லாம் அழிந்துவிடவில்லை.

ஒன்று கேட்கிறேன். தண்டனைக்குப் பயந்து ஒருவன் ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) வந்து நிற்கிறான் என்று வையுங்கள். அவனை நயவஞ்சகன் ஆக்கியது யார்? 4:145இன்படி நயவஞ்சகனுக்கு நரகத்தின் அடித்தட்டு. அவனை அங்கே அனுப்ப நீங்கள் உதவியிருக்கிறீர்கள்.

பிறை 9, வெள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாச்சாவைப் பற்றி.

என் வாப்பாவின் தம்பி. பீடிக் கம்பெனியில் கணக்கர், சங்கத்து ஆள். நடுவயதில் தொழுகையை விட்டார். கருப்புச் சட்டைக் கூட்டங்களுக்குப் போவார். யாரையும் கேலி செய்ததில்லை. நோன்பு மாதத்தில் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், "நோன்பு வைக்காதவனுக்குக் கஞ்சி ருசி கூடுதல்" என்பார். சாச்சி முறைப்பார்.

அவர் மவுத்தானபோது வீட்டில் கஃபன் துணியை வெட்டி, மடித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்தார்கள். கற்பூரத்தைப் பொடித்து ஒரு சாசரில் வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சந்தூக் (பிணம் சுமக்கும் பெட்டி) மட்டும் வரவில்லை. ஆள் அனுப்பினால், கொட்டகை பூட்டியிருக்கிறது, சாவி கமிட்டியிடம் என்றார்கள். கமிட்டியில் ஒருவர், "அவர் முர்தத் (மார்க்கத்தை விட்டவர்). குளிப்பாட்டவும் கூடாது, தொழ வைக்கவும் கூடாது, மையவாடியில் (அடக்கத்தலத்தில்) இடமும் கிடையாது" என்று உட்கார்ந்துவிட்டார். லுஹர் (நண்பகல் தொழுகை) போய் அஸர் (மாலைத் தொழுகை) ஆகப்போகிறது. சாச்சி கதவோரத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

ஜமாஅத் ஆபீஸில் சந்தா நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். சாச்சா வருடா வருடம் மையவாடிச் சுவர் பராமரிப்புக்கென்று பணம் கட்டியிருந்தார். "எங்க வாப்பாவும் உம்மாவும் அங்கே கிடக்காங்க" என்று அவர் சொல்வது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

அஸருக்கு வந்த பழைய இமாம், வயதானவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்றபடியே சொன்னார்: "இவரு நெஞ்சப் பொளந்து பாத்த ஆளு யாரும் இங்க இருக்கீங்களா? இருந்தா முன்னால வாங்க. இல்லன்னா சந்தூக்கக் கொண்டாங்க."

அவர் எதைச் சொல்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போரில் ஒருவன் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் வாக்கியம்) சொன்ன பிறகும் நபித்தோழர் உஸாமா (ரலி) அவனை வெட்டிவிடுகிறார். வாளுக்குப் பயந்து சொன்னான் என்கிறார். "அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா?" என்று நபி திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது.

சாவி வந்தது. தொழ வைத்தார். அடக்கினோம்.

பிறை 10

நேற்று எழுதியதற்குப் பலர் "அதுதான் உண்மையான இஸ்லாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை.

சாச்சா என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார்: "நான் செத்தா கண்ணை எடுத்துக் கொடுத்துடுங்க. தொழுகை எல்லாம் வேண்டாம், பேர் வேற மாதிரி ஆயிடும்." பேர் வேறு மாதிரி என்றால், கடைசியில் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் பேசும், அது பொய்யாகிவிடும் என்பது அவர் கவலை. கண்ணைக் கொடுத்தோம். தொழுகை நடந்தது.

இமாமின் செயல் அருள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாச்சியின் மானத்தைக் காப்பாற்றியது, பிள்ளைகளுக்கு நாளைக்கு நிக்காஹ் பேச வழி விட்டது, ஊரில் ஒரு வெறி அடங்கியது. ஆனால் சாச்சாவை யாரும் கேட்கவில்லை. கமிட்டிக்காரர் "நீ எங்களில் ஒருவன் இல்லை" என்றார், இமாம் "நீ எங்களில் ஒருவன்தான்" என்றார். இரண்டிலும் பேசியது மற்றவர்கள். ஓர் ஆள் வாழ்நாளெல்லாம் யோசித்து எடுத்த முடிவு அவருடையது இல்லாமல் போய்விட்டது.

இடையில் சாச்சி இருக்கிறார். அவருக்கு அந்தத் தொழுகை தேவைப்பட்டது. இன்னும் ஒவ்வொரு ஜும்ஆ இரவும் யாசீன் ஓதுகிறார். அவருடைய நம்பிக்கையும் நம்பிக்கைதானே, அதற்கும் உரிமை உண்டு. இதை எப்படிப் பிரிப்பது?

பிறை 12

இரண்டாவது பத்து, மன்னிப்பின் பத்து. நரகம் நிரந்தரமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்றுதான் நேரம் கிடைத்தது.

பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு: இறைமறுப்போடு இறந்தவருக்கு நிரந்தரம். இணைவைப்பை மன்னிப்பதில்லை என்று 4:48 சொல்கிறது. இன்னொரு பக்கம், "எல்லாப் பாவங்களையும் மன்னிப்பான், அவன் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள்" என்று 39:53 சொல்கிறது. முன்னதை மனம் திருந்தாமல் இறந்தவருக்கும், பின்னதை உயிரோடு இருக்கும்போதே தவ்பா செய்கிறவருக்கும் என்று பிரித்துப் படித்தார்கள்.

ஆனால் 11:107இல் நரகவாசிகள் பற்றி "உம் இறைவன் நாடியதைத் தவிர" என்று ஒரு விலக்கு வருகிறது. சொர்க்கத்தைப் பற்றிய அடுத்த வசனத்திலும் அதே விலக்கு. அங்கே முடியும்போது "அறுபடாத கொடை" என்று உறுதி கொடுத்துவிட்டான். நரகத்துக்கு அந்த உறுதி இல்லை, "உம் இறைவன் நாடியதைச் செய்பவன்" என்று முடிகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இப்னுல் கய்யிம் (இறப்பு 1350), நரகம் என்றாவது ஒருநாள் தணியலாம் என்ற வாதத்தை விரிவாக எழுதினார். அவருடைய ஆசிரியர் இப்னு தைமிய்யாவும் இந்தப் பக்கமாக எழுதியிருக்கிறார். அறிஞர் சுப்கீ அதை மறுத்துத் தனி நூல் எழுதினார். இப்னு தைமிய்யா பெயரைச் சொல்லி ஊரையே காஃபிராக்குகிற தம்பிகள் இந்த இடத்தை மட்டும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை.

'முஸ்லிம்' தொகுப்பில் ஒரு நீண்ட ஹதீஸ். மறுமையில் வானவர்கள் பரிந்துபேசி முடித்தாகிவிட்டது, நபிமார்கள் முடித்தாகிவிட்டது, நம்பிக்கையாளர்கள் முடித்தாகிவிட்டது. இனி மிச்சம் அருளாளர்களுக்கெல்லாம் அருளாளன் மட்டும்தான் என்று சொல்லி, ஒரு நன்மையும் செய்திராத ஒரு கூட்டத்தை இறைவன் தன் பிடியால் நெருப்பிலிருந்து அள்ளி எடுக்கிறான். இதைக் கேட்ட பிறகும், இன்னார் நிச்சயம் நரகம் என்று ஒருவரால் எப்படி மைக் பிடித்துச் சொல்ல முடிகிறது?

இன்னொன்று, உமர் (ரலி) சொன்னது. போர்க் கைதிகளில் ஒரு பெண் தன் குழந்தையைத் தேடி அலைகிறாள். கிடைத்ததும் நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டுகிறாள். "இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா?" என்று நபி கேட்கிறார்கள். மாட்டாள் என்கிறார்கள் தோழர்கள். "இவள் தன் பிள்ளை மேல் வைத்திருப்பதைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மேல் அதிக அருள் வைத்திருக்கிறான்."

இதை வைத்து நரகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவன் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு நிம்மதியாகக் கட்டிலில் சாகிறான் என்றால், அவனுக்குக் கேள்வியே இல்லை என்பது அருளாகாது, அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். தண்டனை எனக்கு அங்கே புரிகிறது. புரியாமல் நிற்பது, யாருக்கும் தீங்கு செய்யாத ஒருவன் நம்ப முடியாமல் போனதற்குத் தண்டனை என்கிற இடத்தில்தான். அதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. 6:12இல், தன் மீது அருளைக் கடமையாக்கிக்கொண்டதாக இறைவன் சொல்கிறான். அந்த வாக்கில் நிற்கிறேன்.

பிறை 13

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். ஷார்ஜாவில் இருந்தபோது என்னோடு ஒரே ரூமில் ஒரு நாகர்கோவில்காரர் இருந்தார், இந்து. எனக்கு அலாரம் கேட்காது. நோன்பு முழுக்க என்னைச் சஹருக்கு எழுப்பியது அவர்தான். எழுப்பிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்வார். பகலில் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

ரூமுக்கு வந்த ஒருவர் அவர் காதுபடவே, "இவ்வளவு நல்லவன், பாவம், போகிற இடம் நரகம்" என்றார். இவர் சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) முஸ்லிம் அல்லாதவர்களை மூன்றாகப் பிரித்தார். நபியின் பெயரே எட்டாதவர்கள் ஒரு வகை. பெயர் எட்டியும், பொய்யன் என்றும் ஏமாற்றுக்காரன் என்றும் திரித்தே எட்டியவர்கள் இன்னொரு வகை. உண்மையாகவே தெரிந்துகொண்டு, பார்த்துப் பழகி, பிடிவாதமாக மறுத்தவர்கள் மூன்றாவது. முதல் இரண்டு வகையாரையும் இறைவனின் அருள் சூழும் என்றார். தன் காலத்து ரோமக் கிறிஸ்தவர்களிலும் துருக்கியரிலும் பெரும்பாலோர் அப்படித்தான் என்று நம்பினார். சிலுவைப் போர்க் காலத்தில் எழுதியவர். "தூதரை அனுப்பாமல் நாம் தண்டிப்பதில்லை" என்ற 17:15ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

என் ரூம்மேட்டுக்கு இஸ்லாம் எப்படி எட்டியது தெரியுமா? பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சம்பளம் தராத ஒரு முதலாளி வழியாக. அந்த ஆள் ஐந்து நேரத் தொழுகையாளி. என் ரூம்மேட் இரண்டாவது வகையா இல்லையா? அப்படியென்றால் கேள்வி யாரிடம் கேட்கப்படும்?

பிறை 14

"பகுத்தறிவு வழியில் போன முஃதஸிலாக்கள் வென்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை" என்று எழுதிய நண்பருக்கு ஒன்று. அவர்கள் கையில் அதிகாரம் இருந்த காலமும் உண்டு. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அவர்களின் கொள்கையை ஏற்காத அறிஞர்களை விசாரணைக்கு இழுத்தார். அஹ்மத் இப்னு ஹம்பல் சிறையில் கிடந்தார், அடுத்த கலீஃபா காலத்தில் சவுக்கடி பட்டார். அறிவின் பெயரால் அடித்தாலும் அடிதான். அதிகாரத்தை நம்பிக்கைக்குள் விட்டால் எந்தப் பள்ளி வந்தாலும் இதுதான் நடக்கும்.

பிறை 17

"இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் கொல்கிறார்கள்?" இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

சூடானில் மஹ்மூத் முஹம்மது தாஹா. 76 வயது. 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூம் சிறையில் மதம் மாறியவர் என்று தூக்கிலிட்டார்கள். அவர் மாறியவரே இல்லை, குர்ஆனை வேறு மாதிரி வாசித்தவர். தூக்கிலிட்ட அதிபர் நிமெய்ரி சில மாதங்களில் கவிழ்ந்தார், 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பைச் செல்லாததாக்கியது. உயிர் திரும்பவில்லை. எகிப்தில் குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் அபூ ஸைதை 1995இல் முர்தத் என்று நீதிமன்றம் அறிவித்து, அவரும் மனைவியும் கேட்காமலே திருமணத்தை முறித்தது. இருவரும் நெதர்லாந்து போனார்கள், சேர்ந்தே.

நம் ஊருக்கு வாருங்கள். கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். கடவுள் இல்லை என்று எழுதினார், அதுதான் அவர் செய்தது. அன்றைக்குச் சாச்சா உயிரோடு இருந்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னிடம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு சில மாதங்கள் அவர் கூட்டங்களுக்குப் போகும்போது சாச்சி வாசல் வரை வந்து நிற்பார்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு எனக்கும் சாச்சாவுக்கும் ஒரே உரிமையைத்தான் தருகிறது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்துக்கு வந்தபோது எங்கள் ஊரே கொண்டாடியது என்று வாப்பா சொல்வார். அந்த ஊர் ரஹ்மத் நகர் ஆனது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து ஏன் மாறினீர்கள் என்று விசாரித்தபோது, "யோசித்து முடிவெடுக்க அவர்களுக்கு உரிமை இல்லையா?" என்று நாம்தான் கேட்டோம். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும் நாம்தான் எதிர்த்தோம், 2004இல் அது விலக்கப்பட்டது. உள்ளே வருகிறவனுக்குக் கேட்ட உரிமையை வெளியே போகிறவனுக்கு மறுத்தால் நாம் கேட்டது உரிமையே இல்லை, ஆள் கணக்கு.

பிறை 18

பெண்கள் பக்கம் யாரும் பேசவில்லையே என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயம்.

பிரிட்டிஷ் இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், கொடுமைக்கார கணவனிடமிருந்து விடுபட வழியில்லாத முஸ்லிம் பெண்கள், இஸ்லாத்தை விட்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஹனஃபிச் சட்டப்படி அந்த நொடியே நிக்காஹ் முறிந்துவிடும். வேறு வாசல் இல்லாததால் மார்க்கத்தின் வாசல் வழியே வெளியேறினார்கள். அப்போது தேவ்பந்தைச் சேர்ந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) அஷ்ரஃப் அலி தானவீ என்ன செய்தார்? அந்தப் பெண்களுக்கு விவாகம் கிடைக்கும்படி மாலிகி மத்ஹபின் விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று 1930களின் தொடக்கத்தில் எழுதினார். அந்த வழியில்தான் 1939இன் முஸ்லிம் விவாகரத்துச் சட்டம் வந்தது.

எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் மார்க்கத்தை விட்டுப் போகிறார் என்றால், உள்ளே அவரை நெருக்கியது எது என்று ஓர் ஆலிம் தேடிப் பார்த்தார். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இந்தச் செய்தியைச் சொல்ல ஆளில்லை.

பிறை 21, தஹஜ்ஜுத் தொழுகைக்குப் பிறகு

பிறை 10இல் விட்ட இடத்துக்கு வருகிறேன். ஓர் ஆலிம் தனியாக எழுதியிருந்தார்: "9:84 ஓதியிருக்கிறீர்களா? அவர்களில் இறந்த எவருக்கும் தொழ வேண்டாம் என்று வசனமே இருக்கிறது. உங்கள் இமாம் செய்தது தவறு."

ஓதியிருக்கிறேன். வசனம் யாரை ஒட்டி இறங்கியது? மதீனாவின் நயவஞ்சகர்களின் தலைவர் அப்துல்லாஹ் இப்னு உபை. நபியை வாழ்நாளெல்லாம் குடைந்தவர். அவரைக் கொல்ல உமர் அனுமதி கேட்டபோது, "முஹம்மது தன் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேச வேண்டாம்" என்று தடுத்தார்கள். கட்டிலில்தான் இறந்தார். இறந்ததும் நபி தன் சட்டையைக் கஃபனாகக் கொடுத்தார்கள். உமர் குறுக்கே நின்றும் தொழவைத்தார்கள். எழுபது முறைக்கு மேல் கேட்டால் மன்னிப்பான் என்று தெரிந்தால் அதற்கு மேலும் கேட்பேன் என்றார்கள். அதன் பிறகு வசனம் இறங்கித் தடுத்தது.

ஆலிம் அவர்களே, தடையை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தடையில் தண்டனை எங்கே இருக்கிறது? அடக்க இடம் மறுக்கச் சொல்லவில்லை. பிணத்தை வெயிலில் வைக்கச் சொல்லவில்லை. மனைவியைக் காக்கவைக்கச் சொல்லவில்லை. தொழாதே, அவர் கப்ரருகே நிற்காதே என்பது வரைதான். யோசிக்க யோசிக்க, சாச்சா கேட்டதும் அதேதான் என்று தோன்றுகிறது: தொழ வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள். நம்பாதவர் என்று தன்னைத் தானே சொன்னவரை அவர் சொன்னபடியே விட்டிருந்தால், வசனமும் மீறப்படவில்லை, அவர் சொல்லும் மீறப்படவில்லை. மையவாடியில் இடமும் மரியாதையும் கொடுத்திருந்தால் சாச்சியும் காப்பாற்றப்பட்டிருப்பார். சாச்சி வீட்டில் உட்கார்ந்து அழுது துஆ கேட்டால் அது அவருக்கும் அவருடைய ரப்புக்கும் நடுவில்.

அபூதாலிபையும் நினைத்துப் பாருங்கள். நபியை வளர்த்தவர், ஊரே எதிர்த்தபோது காத்தவர். சுன்னிகளின் செய்திப்படி கலிமா சொல்லாமலே 619 வாக்கில் இறந்தார். ஷியாக்கள் அவர் நம்பிக்கையாளர்தான் என்கிறார்கள். "நீர் நேசித்தவரை நேர்வழியில் சேர்க்க உம்மால் முடியாது" என்ற 28:56 அவரை ஒட்டி இறங்கியது என்பார்கள். நேசித்தவர் என்று குர்ஆனே சொல்கிறது. நம்பாமல் போன பெரியப்பாவை நபி நேசித்தார்கள், அந்த நேசத்தைக் குற்றம் என்று எங்கும் சொல்லவில்லை.

பிறை 24

பழைய இமாமைப் பார்த்துப் பேசினேன். பிறை 21இல் எழுதியதை அவரிடமே சொன்னேன். கோபப்படவில்லை. "அன்னைக்கு எனக்கு முன்னால இருந்தது ஒரு பூட்டும் ஒரு விதவையும். ரெண்டையும் பாத்தேன்" என்றார். அவர் இடத்தில் நின்றவர் அவர். அந்த நிலைமை திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

பெருநாள் கழிந்து ஜமாஅத் பொதுக்கூட்டம். மனு கொடுக்கப் போகிறேன். சந்தா நோட்டில் பெயர் உள்ள எந்தக் குடும்பத்து ஆளுக்கும் மையவாடியில் இடம் மறுக்கக் கூடாது, சந்தூக் கொட்டகையைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது முதல் கோரிக்கை. அடுத்தது, நான் விலகுகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஊர்விலக்கம் கூடாது, அவர் வீட்டு நிக்காஹுக்கோ கடை வியாபாரத்துக்கோ இடைஞ்சல் செய்யக் கூடாது. மூன்றாவது, தன் ஜனாஸா (இறுதிச் சடங்கு) எப்படி நடக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் அதன்படியே விட வேண்டும்.

முதல் இரண்டுக்கும் இமாம் தலையாட்டினார். மூன்றாவதில்தான் தயங்குகிறார். ஜனாஸா தொழுகை உயிரோடு இருப்பவர்கள் மேல் உள்ள கடமை, இறந்தவர் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது என்கிறார். அது முஸ்லிமுக்குத்தானே, தான் முஸ்லிம் இல்லை என்று எழுதி வைத்தவருக்கு எப்படி என்று கேட்டேன். மத்ஹபு நூல்களைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இதில் ஷாஃபி, ஹனஃபி இரண்டு பக்க வாதமும் தெரிந்த ஆலிம்கள் இங்கே எழுதுங்கள். என் கருத்துக்கு எதிராக இருந்தாலும் சரி, மனுவோடு சேர்த்தே வைக்கிறேன்.